ஜமீன்தாருக்கு வயிறு சரியில்லை

"மூடிய மெதுவா திருகுங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் மனைவி.

சொன்னாள்தான். அது என் காதில் விழுவதற்குள் டப்பாவின் மூடி கழன்று, ஒரு மாதத் தீனியும் மீன் தொட்டிக்குள் கொட்டிவிட்டது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நாள் முழுக்க "நிதானம், நிதானம்" என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த நிதானத்தையும் காரோடு சேர்த்து அங்கேயே நிறுத்திவிட்டு வந்துவிடுவேன்.

வடிகட்டியைத் தேடி எடுத்து வருவதற்குள் ஜமீன்தார் விருந்தை முடித்திருந்தார். காலையில் பார்த்தால் வயிறு கோலிக்குண்டாக உப்பி, ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தார்.

ஜமீன்தார், என் மகள் வளர்க்கிற பெட்டா மீன். நீல வாலைப் பட்டுத் துணி மாதிரி இழுத்துக்கொண்டு, யாரையும் மதிக்காமல் தனியாக உலாவுவதால் அவள் வைத்த பேர். தூங்குவதற்குக் காதுடைந்த காபிக் கோப்பை ஒன்றையும் தொட்டிக்குள் போட்டு வைத்திருந்தாள். வெளியூரில் வேலை கிடைத்துப் போனபோது, அவரை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

அம்மாவிடம் போனில் மணிக்கணக்காகப் பேசுவாள். பிறகு போன் என் கைக்கு வரும்.

"மீன் எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"சரிப்பா."

அவ்வளவுதான். கியர் மாற்றத் தெரியாதவர்களைக்கூடச் சிரிக்க வைத்துவிடுகிற எனக்கு, பெற்ற பெண்ணிடம் பேச ஒரு மீன்தான் இருந்தது. அதுவும் இப்போது சாய்ந்து கிடந்தது.

மீன் வளர்ப்போர் குழு ஒன்றில் படத்தைப் போட்டு எழுதினேன். "அவசரம். என் பொண்ணோட மீன். அவளுக்குத் தெரியறதுக்குள்ள காப்பாத்தணும்."

'மீசைக்காரன்' என்ற பேரில் ஒருவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். முகத்துக்குப் பதிலாக மீசை வைத்த கெளுத்தி மீன் படம். ஆறடி உயரம், கரகரத்த குரல், கோபக்காரர் என்று நானே அவருக்கு ஓர் உருவமும் டாக்டர் பட்டமும் கொடுத்துக்கொண்டேன்.

"எவ்ளோ தீனி போட்டீங்க சார்?"

"கொஞ்சம் கூடிடுச்சு டாக்டர்."

"கொஞ்சம்னா?"

"டப்பா."

பிறகு உத்தரவுகள் வந்தன. "தீனியே காட்டாதீங்க. அகலமான கிண்ணத்துக்கு மாத்துங்க. முந்தின நாள் பிடிச்சு வச்ச தண்ணி, வெதுவெதுன்னு இருக்கணும். ஆழம் வேண்டாம், அது மேல வந்து மூச்சு விடணும். மருந்துக் கடையில எப்சம் உப்பு கேளுங்க, வயித்தை இளக்கும். லிட்டருக்குக் கால் ஸ்பூன். கண்ணாடி போட்டுக்கிட்டு அளங்க. அந்தக் கோப்பையையும் உள்ள வைங்க, அது இல்லாம தூங்காது."

கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற ஆள் நான் என்பது இவருக்கு எப்படித் தெரிந்தது? கைராசிக்காரர், ஆளைப் பார்க்காமலே நாடி பிடிக்கிறார் என்று வியந்துகொண்டேன்.

"அது நான் மாவு பிசையற கிண்ணம்," என்றாள் மனைவி.

"இப்போ ஆஸ்பத்திரி."

"எனக்கு ஒரு நாளாவது இப்படித் தண்ணி சுட வச்சுக் கொடுத்திருக்கீங்களா?"

"நீ என்னைக்குச் சாஞ்சு மிதந்த?"

அன்றைய சாப்பாடு சற்றுத் தாமதமாகத்தான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் என் கைக்கு வந்தது.

"மீன் எப்படிப்பா இருக்கு?"

"ஜோரா நீந்துதும்மா."

மறுமுனையில் மகள் இருமினாள். விடாமல் இருமினாள். சளியா, மருந்து சாப்பிட்டாயா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் "சரிப்பா" வந்துவிட்டது.

மறுநாள் வேலை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் கிண்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜமீன்தார் கோப்பையில் சாய்ந்தபடியே கிடந்தார். செவுள் மட்டும் அசைந்தது.

"டாக்டர், இன்னும் நிமிரல," என்று எழுதினேன்.

"வெளிய போச்சா சார்?"

"இல்ல டாக்டர். நேத்திலருந்து அதைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன். என் வாழ்க்கையில இதுக்காக இவ்ளோ வேண்டினது இல்ல."

"பொறுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பாடு கிடக்கட்டும். மழுப்பாம சொல்லுங்க, பிழைக்குமா? இது போயிட்டா என் பொண்ணு என்கிட்ட என்ன பேசுவா? எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இது ஒண்ணுதான் இருக்கு. நானா ஏதாச்சும் கேக்கலாம்னாலும் தொண்டையிலயே நின்னுடுது."

அனுப்பிய பிறகுதான், முன்பின் தெரியாத மீசையிடம் இதையெல்லாம் கொட்டிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. தீனி டப்பா மாதிரியேதான் என் வாயும், மூடி சரியில்லை.

அவர் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது.

கிண்ணத்தில் ஏதோ சலசலத்தது. ஜமீன்தார் கோப்பையை விட்டு வெளியே வந்து, வாலை ஒரு தடவை உதறி, கோணலாகவே மேலே ஏறி ஒரு வாய்க் காற்றை வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் மீசைக்காரரின் பதில் வந்தது.

"பிழைச்சுடும். பிழைக்கலன்னாலும், நீ எப்படி இருக்கன்னு கேக்கறதுக்கு எனக்கு மீனெல்லாம் வேண்டாம்ப்பா."