துணைக்கு ஒரு குட்டி

"குட்டி யாருக்கு வேணும்?" என்று மார்ட்டின் கேட்டார்.

"எங்க அக்காவுக்குத்தான்" என்றான் கணேஷ்ராம். பின்னால் நின்ற சித்ரலேகா ஓரெட்டு முன்னால் வந்தாள். நாற்பத்தாறு வயதில் ஒருவர் தனக்கென்று ஒன்றை வாங்கித் தருவது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம்.

கணவனை விட்டு வந்து ஒன்பது வருடமாகத் திருநெல்வேலி டவுனில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் தம்பியும் அவன் மனைவி விஜயஸ்ரீயும் வந்து, நின்றது போதும், மகாராஜநகர் வீட்டுக்கே வந்துவிடு என்று கூப்பிட்டார்கள். சித்ரலேகா மறுபேச்சுப் பேசவில்லை. வேலையை விட்டாள், அறையைக் காலி செய்தாள், அடுப்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மார்ட்டின் கோல்டன் ரெட்ரீவர் நாய்களை வளர்த்து விற்பவர். கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். முதலில் தாய் நாயைக் காட்டினார். அது சாந்தமாக இருந்தால்தான் குட்டியை நம்பி எடுக்கலாம் என்றார்.

பிறகு ஏழு குட்டிகளையும் அவிழ்த்துவிட்டார். முந்திக்கொண்டு வந்து சேலையைக் கடித்தது வேண்டாம், மூலையில் ஒண்டியதும் வேண்டாம் என்றார். ஒன்று மட்டும் பைய வந்து மோந்து பார்த்துவிட்டு, சித்ரலேகாவின் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

அதை மல்லாத்திப் பிடிக்கச் சொன்னார். கொஞ்சம் துள்ளிவிட்டு அவள் கைக்குள் அடங்கிக் கிடந்தது. இதுதான் உங்களுக்கு என்று சொல்லிவிட்டு, கண்ணும் காதும் சுத்தமாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்றும் காட்டிக் கொடுத்தார். அவள் காதை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ட்டின் கணேஷ்ராமிடம் திரும்பினார். "போன மாசம் வந்தப்போ ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம்னு சொன்னிய. பூட்டுன வீட்டுல கெடந்தா குட்டி ஏங்கிப் போயிரும், அதான் இல்லன்னேன். இப்ப சரி."

பெயரை அக்காதான் வைக்க வேண்டும் என்றான் தம்பி. சோமு என்றாள். விஜயஸ்ரீ சிரித்தாள், ஆனால் மறுக்கவில்லை.

நாளைக்கு நாலு வேளை தீனி. தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள். அவ்வளவு ரோமத்தை வைத்துக்கொண்டு நெல்லை வெயிலைத் தாங்க முடியாது என்று, சாயங்காலம் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு ஆறிய பிறகே அவனை இறக்கினாள்.

பல் முளைக்கிற சமயத்தில் அவளுடைய இரண்டு ஜோடிச் செருப்பும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கொக்கிரகுளத்தில் ஆற்றில் இறங்கினால் ஏறவே மாட்டான். வீட்டுக்கு வந்ததும் காதுக்குள் ஈரம் தங்காமல் பஞ்சால் துடைத்துவிடுவாள்.

"ஏலே, பைய தின்னு. யாரும் புடுங்க மாட்டாவ" என்று நாள் முழுக்க அவனிடம் பேசினாள். பேச ஆளில்லாமல் கிடந்த ஒன்பது வருடப் பேச்சு அவளிடம் இருந்தது.

ஒரே ஒரு கஷ்டம். அவள் குளிக்கப் போனால்கூட சோமு கதவைப் பிறாண்டி ஊளையிட்டான். இப்படியே ஒட்டிக்கொண்டால் மதினி ஒரு கல்யாண வீட்டுக்குப் போக முடியாதே என்று விஜயஸ்ரீ கவலைப்பட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தனியாக இருக்கப் பழக்குங்கள் என்றாள்.

சித்ரலேகா பழக்கினாள். முதலில் ஐந்து நிமிடம். கதவைச் சாத்திவிட்டு, வெளிப்படியில் அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வந்துவிடும். பிறகு கடைக்குப் போய்வருகிற அரைமணி நேரம். அப்புறம் மத்தியானம் வரைக்கும். உடுத்திக் கழித்த சேலை ஒன்றை அவன் படுக்கையில் விரித்துவிட்டுப் போனால் அதில் மூக்கை வைத்துக்கொண்டு அழாமல் கிடந்தான்.

பத்து மாதம் ஓடியது. ஆவணியில் பத்தமடையில் சித்தி மகள் கல்யாணம். தம்பியும் விஜயஸ்ரீயும் வேலைக்குப் போக, முதல்முறையாகப் பகல் முழுவதும் சோமுவைத் தனியாக விட்டுவிட்டுப் போனாள். பந்தியில் உட்கார்ந்தும் சாப்பாடு இறங்கவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடி வந்தாள்.

அவர்கள் இருவரும் அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். சோமு வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவள் மேல் தாவினான். வீட்டுக்குள் வைத்திருந்த கேமராவில் பதிவானதை விஜயஸ்ரீ செல்லில் ஓட்டிக் காட்டினாள். தூங்கினான், தண்ணீர் குடித்தான், ரப்பர் எலும்பைக் கடித்தான், மறுபடியும் தூங்கினான். ஒருதரம்கூட அழவில்லை.

சித்ரலேகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விஜயஸ்ரீ அவள் கையில் காபியைக் கொடுத்து, எல்லாம் மதினி பழக்கினதுதான் என்றாள்.

கணேஷ்ராமுக்கும் சந்தோஷம்தான்.

"ஒண்ணாந்தேதிலருந்து ஒனக்கு டவுன்ல ஒரு ரூம் சொல்லி வச்சிருக்கேன்க்கா" என்றான். "சோமு இனி தனியா இருந்துக்கிடுவான்."