ஆலைக்காரன் பொண்டாட்டி

“சேலையை மாத்துடி! கோத்தா திங்கியிலேர்ந்து உன்னைப் பொண்ணு பார்க்க வர்றவங்க கார் வாசலுக்கே வந்தாச்சு. நீ இன்னும் அந்தப் போட்டோவையே முறைச்சுக்கிட்டு இருக்க!”

அம்மா போட்ட சத்தத்தில் கெர்ட்ரூட் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். மேசை மேல் பன்னிரண்டு போட்டோக்கள். ஒன்றிலும் மனித முகம் கிடையாது. எல்லாம் பழைய தோல் ஏடுகள். எழுநூறு வருஷத்துக்கு முன் பிரெஞ்சு தேசத்தில் யாரோ எழுதிவைத்த ஒரு பாட்டுக் கதை. கான்வென்ட் டீச்சரான கெர்ட்ரூட், அங்கிருந்த சிஸ்டர்களிடம் பிரெஞ்சு கற்றுக்கொண்டு நாலு வருஷமாக அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்து மலாயாவில், அதுவும் ஜொகூரில், இப்படியொரு கிறுக்கு வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஏடுகளை முன்பின்னாக மாற்றித் தைத்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்தது அவள்தான். அவள் சொன்ன வரிசையில் அடுக்கிய பிறகுதான் கதையே புரிந்தது என்று போட்டோ அனுப்பிய பாரிஸ் பேராசிரியர் எழுதியிருந்தார். உதவித்தொகை தருகிறோம், இரண்டு வருஷம் இங்கே வந்து ஆராய்ச்சி செய் என்றும் எழுதியிருந்தார்.

அப்பா சந்தனசாமி ரயில் நிலையத்தில் கணக்கெழுதும் கிராணி. முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். நாலு நாள் முன்னால் கல்யாணப் பேச்சையும் எடுத்தார்.

“கோத்தா திங்கியிலேர்ந்து நல்ல சம்பந்தம் வந்திருக்கு. பையன் பேரு மைக்கல். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர். அவங்களுக்குப் பிடிச்சிருந்தா, வர்ற ஞாயித்துக்கிழமையே மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு அறிவிக்கச் சொல்லிடுவேன்.”

“அவங்க வேணாம்னுட்டா?” என்று அம்மா கேட்டாள்.

“என் மகளையா? அப்படிச் சொல்லிட்டா அவ பாரிசுக்கே போகட்டும். மாதா மேல சத்தியம்!”

அந்தச் சத்தியம் ஒன்றுதான் கெர்ட்ரூடுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை. அப்பா மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபமில்லை. இந்தச் சம்பந்தத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்ததே அம்மாதான். பள்ளி விட்டு வந்ததும், பாயில் சாய்ந்திருக்கும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைத் தமிழில் வரிவரியாகச் சொல்லிப் பார்ப்பாள் கெர்ட்ரூட். மூன்றாவது வரியிலேயே அம்மாவின் கண் மூடிவிடும். அப்படிப்பட்டவளிடம் போய் எதை எதிர்பார்ப்பது?

முதல் தடவை பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போவதுதான் வழக்கம். மாப்பிள்ளை வரவில்லை. அவனுடைய அம்மா மட்டும் வந்திருந்தாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கேள்வியை ஆரம்பித்தாள்.

“சமைக்கத் தெரியுமா?”

“சுமாரா.”

“தோட்டத்துல கரண்டு கிடையாது. மண்ணெண்ணெய் விளக்குதான். இருந்துக்குவியா?”

“இருந்துக்குவேங்க. ஆனா அந்த விளக்கு எனக்கு வேணும். பழைய பிரெஞ்சுக் கதை ஒண்ணைப் படிக்கணும்.”

அப்பா பலமாக இருமினார்.

“கல்யாணத்துக்கு அப்புறமுமா படிப்பு?”

“ஆமாங்க. அது இல்லாம என்னால இருக்க முடியாது. மறைச்சுட்டு உங்க வீட்டுக்கு வர எனக்கு மனசு வரலை.”

“அப்படி என்னம்மா அந்தக் கதையில இருக்கு?”

கெர்ட்ரூடின் முகம் மலர்ந்துவிட்டது. யாரும் அவளிடம் இதைக் கேட்டதே கிடையாது.

“மாவு ஆலைக்காரன் ஒருத்தன் இருந்தானுங்க. அவனுக்கு ஒரே மக. மடத்துக்குப் போய் எழுத்துப் படிக்கணும்னு அவளுக்கு ஆசை. அப்பன் விடமாட்டேங்கிறான். ஆனா அவன் பொண்டாட்டி பொல்லாத கெட்டிக்காரி. அவ என்ன பண்றான்னா…”

“அடியே, போதும்!” அம்மா குறுக்கே பாய்ந்தாள். “வந்தவங்ககிட்ட கதை அளந்துக்கிட்டு! போய்ப் பலகாரத் தட்டை எடுத்துட்டு வா.”

வந்தவள் ஒரு முறுக்கைக் கடித்தாள். யோசித்தாள். எழுந்தாள்.

“பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா என் மகனுக்குப் பொண்டாட்டி வேணும், வாத்தியார் வேணாம். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க.”

கார் போன பிறகும் அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. பாவமாக இருந்தது. அம்மாதான் வீடு அதிர அங்கலாய்த்தாள். “அலமாக், ஐயோ! மூணு நாளா அடுப்படியில வெந்து பலகாரம் சுட்டேனே!”

ஒரு வாரம் கழித்து அப்பா அவளைக் கூப்பிட்டார். “மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன். போயிட்டு வா. அங்க குளிருமாமே, கம்பளிச் சட்டை ரெண்டா வாங்கிக்க.”

அடுத்த மாதம் ஜொகூர் பாரு ரயில் நிலையம். சிங்கப்பூர் போய்க் கப்பலேற வேண்டும். துணைக்கு இரண்டு சிஸ்டர்கள். எதிர்ப்பட்டவரிடமெல்லாம், “பாரிசுலேர்ந்து என் மகளை அவங்களாவே கூப்பிட்டிருக்காங்க லா!” என்று சொல்லிச் சொல்லி அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பெட்டியை ஏற்ற அவர் கார்டு வண்டிப் பக்கம் போனார்.

கெர்ட்ரூட் ஜன்னல் வழியே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அழுகைதான் வந்தது.

“உனக்குத்தான்மா ரொம்ப ஏமாற்றம். பாவம், அந்த மைக்கலுக்காவது நல்ல பொண்ணா அமையட்டும்.”

“எந்த மைக்கல்?” என்றாள் அம்மா.

விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. அம்மா கையை விடாமல் கூடவே நடந்தாள்.

“அன்னைக்கு உன்னைப் பார்க்க வந்தவ மூவார்ல பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி, என் சிநேகிதி. கல்யாணமே கட்டாதவளுக்கு மகன் ஏதுடி? ஆலைக்காரன் பொண்டாட்டி பொய்ச் சம்பந்தம் கொண்டுவந்து மகளைத் தப்பிக்க வச்ச கதையை நீ சொன்னப்போ, நான் தூங்கலைடி!”