பாய்மரமா, மோட்டாரா?

"டேய் டெல்மர், இதுக்குப் பேரு படகா? மிதக்கிற கக்கூஸ்டா இது!"

ஹார்லன் போட்ட கூச்சலில், படகு விற்கும் முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டிரெய்லர்கள் மேல் இரண்டு படகுகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று சின்னப் பாய்மரப் படகு. தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும், ஆனால் பார்க்க அன்னப்பறவை மாதிரி இருந்தது. இன்னொன்று மோட்டார் படகு. நின்றால் தலை இடிக்காத கேபின், சுற்றிலும் கண்ணாடி, ஹீட்டர், உள்ளே உட்கார்ந்தபடியே ஓட்ட ஒரு சக்கரம், கதவு வைத்த கழிவறை. பார்க்கத்தான் ரொட்டி டப்பா.

டெல்மரின் பழைய பாய்மரப் படகு இந்தக் குளிர்காலத்தில் போய்விட்டது. பனிச் சுமை தாங்காமல் கொட்டகைக் கூரை அதன் மேலேயே விழுந்து நொறுக்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதில்தான் டெல்மரும் ஹார்லனும் கோடை தவறாமல் சுப்பீரியர் ஏரித் தீவுகளைச் சுற்றினார்கள்.

"முட்டி வலிடா" என்றார் டெல்மர். "பாயை ஏத்தி இறக்க இனிமே என்னால ஆகாது."

"முட்டி வலின்னா தைலம் தேய். எவனாவது எஞ்சின் வாங்குவானா? காத்து ஓசியில அடிக்குது. அதை விட்டுட்டு பெட்ரோல் பங்க்ல போய் வரிசையில நிப்பியா?"

விற்கிற பெண் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

டெல்மர் மோட்டார் படகையே வாங்கினார்.

ஹார்லன் விடவில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே கூடியிருந்த ஹோட்டலில், நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மோட்டார் படகு போனா 'அதோ போகுது சோம்பேறிக் கூட்டம்'னு காறித் துப்பினவன் யாரு தெரியுமா? இதோ, மீனை முழுங்கிட்டிருக்கானே, இந்தத் துரோகிதான்!"

ஹோட்டல் அதிர்ந்தது. டெல்மரும் சேர்ந்து சிரித்துவிட்டு இன்னொரு துண்டு மீனை எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி மேவிஸுக்குத்தான் முகம் சிவந்துபோனது. வண்டியில் ஏறியதும் வெடித்தாள்.

"உங்களுக்கு ரோஷமே கிடையாதா? அந்த மனுஷன் கிட்ட உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"என்ன உண்மை?"

"உங்க முட்டிக்கு ஒரு கேடும் இல்லைங்கற உண்மை. போன வாரம்தான் வீட்டுக் கூரை மேல ஏறி நின்னு பனியை வழிச்சுப் போட்டீங்க. பக்கவாதம் வந்ததுலேர்ந்து ஹார்லனோட இடது கை எதையும் பிடிக்க மாட்டேங்குது. பாய்மரப் படகுன்னா ஒரு கை சுக்கானுக்கு, ஒரு கை கயித்துக்கு. அதுல அவர் மூட்டை மாதிரி சும்மாதான் உட்காரணும். இதைன்னா ஒத்தைக் கையால ஓட்டலாம். அவருக்காகத்தானே இதை வாங்கினீங்க?"

டெல்மர் வண்டியைக் கிளப்பினார்.

"சொன்னா அவன் அந்தப் படகுல காலே வைக்க மாட்டான். உனக்குத் தெரியாதா அவனை? திட்டட்டும் விடு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் அவன் இப்படிக் குஷியாப் பேசி இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

ஏரியில் பனிக்கட்டி கரைந்து, ஜூன் வந்தது. டெல்மரும் மேவிஸும் டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கிப் படகை மிதக்கவிட்டார்கள். ஹார்லனும் வந்து படகில் ஏறிக்கொண்டார். "வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். என் பேரைக் கெடுத்துடாதீங்க" என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"ஒரு நிமிஷம் இதைப் பிடிடா. கயித்தைச் சுருட்டிட்டு வந்துடறேன்" என்றார் டெல்மர்.

ஹார்லன் வலது கையைச் சக்கரத்தில் வைத்தார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு தீவாகச் சுற்றினார். குகைப் பாறைகளுக்குப் பக்கத்தில் போய் வளைத்துத் திருப்பினார். எதிரே வந்த படகுக்கெல்லாம் ஹாரன் அடித்தார். வாய் மட்டும் ஓயவில்லை.

"ஐயோ, என் பேத்தி பொம்மைக் கார்கூட இதைவிட நல்லா வளையும்டா! இதைக் காசு கொடுத்து வேற வாங்கினியா?"

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தீவின் ஓரமாக எஞ்சின் வேகத்தைக் குறைத்தார்கள். நங்கூரம் போட டெல்மர் முன்பக்கம் போனார்.

மேவிஸால் அதற்கு மேல் முடியவில்லை.

"போதும் ஹார்லன். அவரும் மனுஷன்தானே? முட்டி வலியோட ஒருத்தர்..." என்று ஆரம்பித்தவள், பொய் சொல்ல வராமல் நிறுத்தினாள்.

"அவனுக்கா முட்டி வலி?" ஹார்லன் மெதுவாகச் சிரித்தார். "குதிரை மாதிரி இருக்கான். எனக்கென்ன கண்ணு தெரியாதா மேவிஸ்?"

மேவிஸ் திகைத்துப்போனாள். "தெரியுமா? தெரிஞ்சுமா இப்படிப் போட்டு வறுத்தெடுக்கறீங்க?"

ஹார்லன் கண்ணாடி வழியாக டெல்மரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்டறதை நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் நான் நன்றி சொல்லணும், அவன் அதெல்லாம் இல்லைன்னு மழுப்பணும். ரெண்டு கிழவனுங்க நடு ஏரியில கட்டிப் பிடிச்சு அழுதா பார்க்க நல்லாவா இருக்கும்?"

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜன்னல் பக்கமாகத் தலையை நீட்டினார்.

"டேய்! நங்கூரத்தைப் போடச் சொன்னா, மடியில வச்சுத் தாலாட்டிட்டு இருக்கியா?"