ஹென்றி முட்டி போடவில்லை

ஞாயிற்றுக்கிழமை, சாந்தோம் மாதா கோயில் பூசையில் மணி அடித்தது. கோயில் முழுக்க முழங்காலில் நின்றது. ஆண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் ஹென்றி மட்டும் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

மர்சலின் டீச்சரம்மா பார்த்துவிட்டார். அவர் பார்த்தால் சாந்தோமே பார்த்த மாதிரி. முப்பது வருஷமாக அந்தக் கோயில் பங்குப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர். காய்ச்சலோடு வந்தாலும் முழங்காலில் நின்றுதான் பூசை பார்ப்பார்.

"சினிமாவுல நடிச்சா தலைக்கனம் வரும்னு தெரியும். காலுக்குமா வரும்?" என்றார், பக்கத்திலிருந்த வெரோனிகாவிடம்.

பூசை முடிந்ததும் வாசலில் வழிமறித்தார்.

"ஏன்டா ஹென்றி, ஆண்டவருக்கு முன்னாலகூட முட்டி போடமாட்டியா?"

ஹென்றி சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "பழக்கம் வுட்டுப்போச்சு டீச்சரம்மா."

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீ முட்டி போடுறே. இல்லேன்னா சாமியார்கிட்ட சொல்லி, எல்லார் முன்னாலயும் கேக்க வெக்கிறேன்."

"சரிங்க" என்றானே தவிர, சிரிப்பு போகவில்லை. ஒவ்வொரு படியாக, மகாராஜா மாதிரி நிதானமாக இறங்கினான். டீச்சரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படி என்னதான் கிழித்திருக்கிறான் என்று பார்க்க, புதன்கிழமை வெரோனிகாவை இழுத்துக்கொண்டு டிராம் ஏறி மவுண்ட் ரோடுக்குப் போனார். படத்தின் பெயர் 'வேங்கைக் கோட்டை'. ஸ்டண்ட் படம்.

சகிக்கவில்லை. கதாநாயகன் பத்துப் பேரை அடித்தான், தலைப்பாகை கலையவில்லை. குதிரை ஓடியது, எதற்கென்று குதிரைக்கே தெரியாது. கோட்டைச் சுவர் காற்றுக்கு ஆடியது. டீச்சரம்மா ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் ஹென்றி வந்தான், கோட்டைக் காவலாளியாக. எதிரி உள்ளே நுழைந்துவிட்டான். மணி அடித்து ஊரை எழுப்ப வேண்டும். மதில் மேலிருந்து குதித்தான். விழுந்தான். எழுந்தான். சுவரில் ஒரு கையை ஊன்றி, இடது காலை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இருபது படி ஏறி மணியை அடித்தான். வசனம் ஒரு வார்த்தை கிடையாது. அதுவரை விசிலடித்த தரை டிக்கெட் கூட்டம் கப்சிப்பென்று இருந்தது.

"என்னமா நடிக்கிறான்," என்று மூக்கைச் சிந்தினாள் வெரோனிகா.

சுவரில் ஊன்றிய அந்தக் கையையும், ஒவ்வொரு படியாக வைத்த அந்தக் காலையும் டீச்சரம்மா ஞாயிற்றுக்கிழமைதான் கோயில் வாசலில் பார்த்திருந்தார்.

வெரோனிகாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நேரே ஹென்றி வீட்டுக்குப் போனார். அவன் மனைவி ஃப்ளோரன்ஸ் கதவைத் திறந்தாள். உள்ளே ஹென்றி முக்காலி மேல் இடது காலை நீட்டியிருந்தான். எண்ணெய்க் கட்டுக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"அது நடிப்பு இல்லையேடா?"

ஹென்றி தலையைக் குனிந்துகொண்டான். "கடைசி நாள் ஷூட்டிங்ல, குதிச்ச உடனே உள்ளார இன்னாவோ முறிஞ்சிச்சு டீச்சரம்மா. கேமரா ஓடிக்கினு இருந்துச்சு. நின்னுட்டா அந்தக் காட்சியையே வெட்டிடுவாங்கோ. ஏறிட்டேன்."

"வெளியில சொன்னா என்ன?"

ஃப்ளோரன்ஸ்தான் பதில் சொன்னாள். "நம்ம கோயிலுக்கு வர்றாரே லூயிஸ் சார், அவர்தான் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறவர். அடுத்த படத்துல பெரிய வேஷம் தர்றேன்னிருக்கார். கால் மடங்கலேன்னு தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவார். ரெண்டு மாசத்துல சரியாயிடும்னு வைத்தியர் சொல்றார். படம் ஆரம்பிக்கவும் ரெண்டு மாசம் இருக்கு. ஆனா போன ஞாயித்துக்கிழமையே லூயிஸ் சார் இவரை உத்து உத்துப் பார்த்தார் டீச்சரம்மா."

"அதுவரைக்கும் பூசைக்கு வராம இருக்கறதுதானே?"

"பூசை பாக்காம எப்படி?" என்றான் ஹென்றி. "திமிர் புடிச்சவன்னு சொல்லட்டும், தாங்கிக்கிறேன். நொண்டின்னு சொன்னா சோறு போய்டும்."

டீச்சரம்மா கிளம்பினார்.

"ஞாயித்துக்கிழமை வா. அதே பெஞ்சுல உக்காரு."

ஞாயிற்றுக்கிழமை லூயிஸ் சார் ஹென்றிக்கு இரண்டு பெஞ்சு பின்னால் இருந்தார். டீச்சரம்மா மிரட்டிய கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. இன்றைக்கு முட்டி போடுவானா மாட்டானா என்று எல்லாக் கண்ணும் ஹென்றி மேல்தான்.

மணி அடித்தது. கோயில் முழுக்க முழங்காலில் நின்றது.

பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில், மர்சலின் டீச்சரம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நானூறு தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. லூயிஸ் சார் தலையும்தான். ஹென்றி உட்கார்ந்திருந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

பூசை முடிந்ததும் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன டீச்சரம்மா, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"பழக்கம் வுட்டுப்போச்சு," என்றார் டீச்சரம்மா. "இன்னும் எட்டு வாரத்துக்கு இப்படித்தான்."