நாண் முடிச்சு

லாரி டிரைவருக்கும் கணக்கருக்கும் ஒரே கிறுக்கு: மரத்தில் வில் செதுக்கி மாற்றிக்கொள்வது. பல வார வெளியூர் ஓட்டம் முடிந்த கையோடு, தான் செதுக்கிய வில்லுடன் வந்து நின்றார் டிரைவர்.

"அண்ணன் இருக்காரா, அண்ணி?"

"அவர் இல்ல." கணக்கரின் மனைவி கதவை அகலத் திறந்தாள். "உங்களுக்குச் செஞ்ச வில் பின்கட்டுல இருக்கு. எடுத்துக்குங்க, தம்பி."

வில் நாண் பூட்டியபடியே சுவரில் சாய்ந்திருந்தது. மேலே தூசி வேறு.

"நாணைக் கழட்டாம வச்சா வில் செத்துடும்னு எனக்குப் பாடம் எடுப்பார். அவரே இப்படிப் போட்டுட்டுப் போயிருக்காரே. வரட்டும், பேசிக்கிறேன்." டிரைவர் நாணில் கை வைத்தார்.

"தம்பி," என்றாள், அதே குரலில். "முடிச்சை அவிழ்க்காம நாணை மட்டும் கழட்டித் தர முடியுமா? அவர் கடைசியாப் போட்ட முடிச்சு."

வாசலில் அவள் சொன்ன 'இல்ல' டிரைவருக்கு அப்போதுதான் புரிந்தது.