ரெண்டு ஹாரன்

"வேகம் கிடக்கட்டுங்க. நான் இங்க அமுக்கினா அங்க உடனே சுடணும். அதுக்கு எந்த கனெக்‌ஷன் தோதுப்படும்?"

இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் பெரியவரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கேமுக்கா சார்? யார் விளையாடறாங்க?"

"நான்தான்."

"அப்போ ஃபைபர் போட்டுக்குங்க சார். வேகத்தைவிட கேமுக்கு பிங் கம்மியா இருக்கணும். நீங்க அமுக்கினது அங்க போய்த் திரும்பற நேரம், அதுதான் பிங். வைஃபையை நம்பாதீங்க. கம்ப்யூட்டருக்கு நேரா ஒயர் இழுத்துடறேன்."

"ஒயரா? எங்க வீட்டுல அதெல்லாம் தங்காதுங்க. அப்பா கத்தரிக்கோலோட வந்துடுவாரு" என்றாள் மகள்.

பெரியவர் ஒயர் போகவேண்டிய வழியைக் கைகாட்டினார்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் தம்பி எந்நேரமும் கேமே கதியென்று கிடக்கிறான் என்று, ஆட்டத்தின் நடுவிலேயே ஒயரை வெட்டியவர் இவர். வார்த்தை தடித்தது. தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போனான், அங்கேயே வேலையும் தேடிக்கொண்டான். அக்காவோடு பேசுவான். அப்பா பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவான்.

இப்போது என்னவென்றால், அவன் விட்டுப்போன கம்ப்யூட்டரில், அதே ஆட்டத்தை, பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற இந்த மனுஷர் ஆடுகிறார். பிள்ளை ஆடினால் குற்றம், அப்பா ஆடினால் பொழுதுபோக்கு. நல்ல நியாயம்.

ஒயர் இழுத்தாயிற்று. வந்தவர் போனதும் அப்பா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டார். மகள் பின்னாலேயே போனாள். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனாள்.

"தம்பியை இதுக்குத்தானே வீட்டை விட்டே விரட்டினீங்க? இப்ப உங்களுக்கு மட்டும் என்னவாம்?"

"கொஞ்சம் இரும்மா. அவன் காத்துட்டிருக்கான்."

"எவன்?"

அப்பா திரையைக் காட்டினார். ஒரு ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு சிப்பாய் நின்றிருந்தான். தலைக்கு மேல் 'குட்டிப்புயல்' என்று பேர் மிதந்தது. தம்பி பள்ளிக்கூடப் பையிலெல்லாம் எழுதிவைத்த பேர் அது.

அவளுக்கு இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நீங்கன்னு அவனுக்குத் தெரியுமாப்பா?"

"தெரிஞ்சா போயிடுவான். வேற பேர்ல அவன் டீமுல சேர்ந்திருக்கேன், மைக்கை அணைச்சுதான் வச்சிருக்கேன். பேசலைன்னா போகட்டும், பக்கத்துலயாவது நின்னுக்கறேன். பழைய கனெக்‌ஷன்ல நடு ஆட்டத்துல மரம் மாதிரி உறைஞ்சுடறேன். என்னால அவன் தோத்துப் போறான். சலிச்சுப்போய் வேற ஆளைச் சேர்த்துக்கிட்டான்னா, நான் எங்கம்மா போவேன்?"

சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். கிளப்பும் முன் ரெண்டு தடவை ஹாரன் அடித்தார்.

"எதிரி காதுல விழுந்துடப் போகுதுப்பா."

"பஸ்ஸுல காலமெல்லாம் அடிச்சு பழகிடுச்சு. ஏறவேண்டியவங்க ஏறிக்கட்டும்."

சாயங்காலம் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, வீட்டுல புது நெட் போட்டீங்களா?"

அவளுக்குத் திக்கென்றது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. தினமும் நடுவுல உறைஞ்சு நின்னுடுவாரு. நான் முன்னாடி போய் நின்னு குண்டு வாங்கிப்பேன். இன்னிக்கு அந்த வேலையே வைக்கலை."

"டேய், உனக்குத் தெரியுமா?"

"சுத்தி எதிரி நிக்கும்போது ரெண்டு ஹாரன் அடிச்சுட்டு வண்டி எடுக்கற ஆளு வேற யாருக்கா?"

நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது அவளுக்கு. "இரு, இப்பவே அப்பாகிட்ட போனைக் கொடுக்கறேன்."

"வேணாம்க்கா, சொல்லிடாத" என்றான் அவசரமாக. "தெரிஞ்சா போயிடுவாரு."