அந்த மாத்திரை

"பொண்டாட்டி செத்துப்போன மனுசனுக்கு அந்த மாத்திரை எதுக்குங்க?"

ஸ்டீவன் மேசையைத் தட்டியதில் டீ கிளாஸ்கள் குலுங்கின.

மலைமேல் நாயுடுபுரத்தில் அந்தச் சின்னச் சபையின் கமிட்டி கூடியிருந்தது. எதிரே கைகட்டி நின்றவர் உபதேசியார் ஞானமுத்து. வீடு வீடாகப் போய் ஜெபம் செய்கிறவர்.

"மலைக்குக் கீழ, வத்தலக்குண்டு மெடிக்கல்ல என் கண்ணால பார்த்தேன். ஆம்பளைங்க வீரியத்துக்குப் போடுற மாத்திரை! கடைக்காரரு, 'அவரு நம்ம ரெகுலர் கஸ்டமருங்க'ன்னு சிரிக்கிறாரு. மானம் போச்சு!"

மாத்திரையின் பெயரைச் சொல்லத்தான் எல்லோருக்கும் கூச்சம். அதைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சமில்லை. இவர் விதவைகள் வீட்டுக்கும் ஜெபம் பண்ணப் போனதை ஒருவர் ஞாபகப்படுத்தினார். "அதான் பார்த்தேன்" என்றார் இன்னொருவர். எதைப் பார்த்தார் என்று கடைசி வரை சொல்லவில்லை.

செயலாளர் ராபின் மட்டும் தீர்மான நோட்டில் குனிந்திருந்தார். அடுத்த மாதம் அவருடைய சின்ன மகள் ஜூலியட்டுக்கும் ஸ்டீவன் மகனுக்கும் கல்யாணம். சம்பந்தி கொதித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேச முடியுமா?

"நீங்களே கேளுங்க, ராபின்" என்றார் ஸ்டீவன்.

ராபின் நோட்டை விட்டு நிமிராமலே கேட்டார். "உபதேசியாரே... யாருக்கு வாங்குனீங்க?"

ஞானமுத்து அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எனக்குத்தாங்க."

'ச்சீ' என்றது அறை. உபதேசியார் வேலை போனது. சபை கொடுத்திருந்த வீட்டையும் வெரசா காலி செய்யச் சொன்னார்கள். தீர்மானத்தை வாசித்து, முதல் கையெழுத்தும் போட்டவர் ராபின்தான்.

சாயங்காலம் மேகம் இறங்கி ரோடே தெரியவில்லை. ஞானமுத்து ராபின் வீட்டுப் பின்கதவைத் தட்டினார்.

மூத்த மகள் ஹெப்சிபா திறந்தாள். வெளியூர் லேப் ஒன்றில் எலிகளை வைத்து நோய் ஆராய்ச்சி செய்கிறவள், தங்கை கல்யாணத்துக்காகச் சில மாதம் முன்பே வந்துவிட்டாள். கதவு வரை நடந்து வந்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"மொதல்ல உட்காரும்மா. இந்தா, உன் மாத்திரை. கல்யாணம் வரைக்கும் காணும்."

"உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம், அங்கிள்!" அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "எங்க லேப்ல நுரையீரல் பிரஷர் வந்த எலிங்களுக்கும் இதே மாத்திரைதான். ரத்தக்குழாயை விரிச்சு மூச்சை லேசாக்கும். ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே ஜீன் கோளாறுதான், ஆனா பொட்டை எலிங்களுக்குத்தான் நோய் அதிகமா வருது. எங்க வீடு மாதிரியே. அம்மா சாகுற வரைக்கும் வெறும் இளைப்புன்னுதானே நெனச்சோம்?"

"டாக்டர் என்னம்மா சொல்றாரு?"

"மலை ஆகாது, கீழே எறங்கிடுங்கிறாரு. ஜூலியட்டையும் டெஸ்ட் பண்ணணும்னு சொன்னா அப்பா அழறாரு. பரம்பரையா பொண்ணுங்களுக்கு வர்ற நோய்னு ஸ்டீவன் அங்கிள் காதுக்குப் போனா கல்யாணமே நின்னுருமாம். அதனாலதானே வெளிய தெரியாம வாங்கித் தரச்சொல்லி உங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு!"

"அப்பா எங்கம்மா?"

"கமிட்டியிலேர்ந்து வந்ததும் ரூமைச் சாத்திக்கிட்டுக் கெடக்காரு. அங்க என்ன நடந்துச்சோ, சொல்ல மாட்டேங்கிறாரு. அடுத்த தடவையும் நீங்கதானே அங்கிள் வத்தலக்குண்டு போவீங்க?"

ஞானமுத்து குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். சாத்தியிருந்த அந்த ரூம் கதவை ஒரு நிமிஷம் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை.

"நான் நாளைக்கு வெள்ளனே ஊரை விட்டுக் கெளம்புறேம்மா. இனிமே அப்பாவையே போய் வாங்கச் சொல்லு. யாருக்குன்னு கடையில கேட்டா, உபதேசியார் ஞானமுத்துவுக்குன்னே சொல்லச் சொல்லும்மா. அந்தப் பேரு இனிமே கெடுறதுக்கு ஒண்ணுமில்ல."